நோக்கம்: பிசிறு எடுக்க

2015 டிசம்பரில், மழை விட்டுச் சாலைகள் காய்ந்த பிறகு, எங்கள் தொழிற்பூங்காவின் திறந்தவெளிச் சிற்பங்களைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிட்டார்கள். நிர்வாகப் பிரிவில் இருந்ததால் ஏற்றி அனுப்பும் பொறுப்பு என்னுடையது. லாரி காலை பத்தேகாலுக்கு வந்தது. நான்கு பேர் இறங்கினார்கள். முதலில் சிற்பங்களைச் சுற்றியிருந்த கம்பி வேலியைப் பிடுங்கிச் சுருட்டினார்கள். அதற்காக எல்லோரும் உள்ளங்கையில் சாக்குத்துணியைச் சுற்றிக்கொண்டார்கள். அப்படியும் ஒருவருக்கு மணிக்கட்டில் கிழித்துவிட்டது. பஞ்சும் மருந்தும் கொடுத்தேன்.

அடுத்தது சிற்பங்கள். பேரிங் வளையங்களால் ஆன மீன் ஏறியது. இரும்புக் குழாய்களால் ஆன, உட்கார்ந்திருக்கும் பெண் ஏறினாள். கடைசியாக மிஞ்சியது, இடுப்பு உயரத்துக்கு நீண்ட தகரப் பட்டைகளை நெருக்கி நட்டு வைத்த ஒரு பாத்தி. அதைப் பார்த்ததும் அவர்களில் மூத்தவர், "இன்னாபா இது, கத்திக் கடையா?" என்று சாக்குத்துணியை இன்னும் ஒரு சுற்று சுற்றினார். ஒரு பட்டையைப் பிடித்தார். விட்டார். துணியை அவிழ்த்துவிட்டு வெறுங்கையால் பிடித்தார்.

"மேடம், இத்த யாரோ குந்திக்கினு ஒவ்வொண்ணா ராவி வுட்டுக்கீறாங்க. கொயந்த கை பட்டாலும் ஒண்ணும் ஆவாது."

நான் தலையை ஆட்டிவிட்டு வெளியேற்றச் சீட்டில் எடையை எழுதினேன்.

அந்த யாரோவைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரை எழுதப்போவதில்லை. நுழைவுப் பதிவேட்டில் அவர் பெயரை ஒரு முறை சிவப்பு மையால் அடித்தவள் நான்.

அவர் மண்ணூர்க்காரர். ஒப்பந்த வெல்டர். எங்கள் வளாகத்தில் பன்னிரண்டு தொழிற்சாலைகள்; எதிலும் அவர் நிரந்தரம் இல்லை, எல்லாவற்றிலும் அவர் வைத்த வெல்டிங் இருந்தது. நான் முதலில் பார்த்தபோது நாற்பத்தைந்து வயது இருக்கும். குட்டையான ஆள். காக்கிக் கால்சட்டையின் பின்பாக்கெட்டில் துணி சுற்றிய அரை வட்ட அரம் ஒன்று எப்போதும் இருக்கும். உட்காரும் முன் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவார்.

என் 2008-ஆம் வருட டைரியில் அவரைப் பற்றிய முதல் குறிப்பு இருக்கிறது. சைக்கிள் நிறுத்தத்துக்குக் கூரைச் சட்டம் அடிக்க வந்தவர், பாஸில் கையெழுத்து வாங்க என் மேசை முன் நின்றார். நான் முத்திரையைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் கையைத் திருப்பி, புறங்கையால் என் மேசையின் அடி விளிம்பைத் தடவிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நின்றார்.

"பொடவ கியியுதா மேடம்?"

கிழிந்தது. இரண்டு வருடத்தில் மூன்று புடவை. நாற்காலி ஆணியைச் சந்தேகப்பட்டு நாற்காலியை மாற்றியிருந்தேன். நான் பதில் சொல்வதற்குள் அவர் குனிந்து அரத்தை வைத்து நாலு இழுப்பு இழுத்துவிட்டார். பிறகு பாஸைக் காட்டினார்.

இரும்பை அறுத்தாலும் துளைத்தாலும் விளிம்பில் ஒரு மெல்லிய முள் நிற்கும். பிசிறு என்பார்கள். அதை எடுக்காமல் எந்தப் பொருளையும் அவரால் கையைவிட்டு அனுப்ப முடியாது. அவர் செய்த பொருள், அடுத்தவர் செய்த பொருள் என்ற வேறுபாடும் கிடையாது. பேருந்தில் ஏறினால் சீட்டுக் கம்பி. கல்யாணத்துக்குப் போனால் பந்தி மேசையின் தகர ஓரம். எல்லாவற்றையும் புறங்கையால்தான் பார்ப்பார். ஏன் உள்ளங்கையால் பார்ப்பதில்லை என்று கேட்டேன்.

"உள்ளங்கை செத்துப் பூட்ச்சு மேடம். இருவது வருசமா காப்பு காய்ச்சி, அதுக்கு ஒண்ணும் தெரியாது. பொறங்கைதான் உண்மைய சொல்லும்."

அவரைப் பிசிறு என்றே கூப்பிட்டார்கள். சூப்பர்வைசர்கள் கேலியாக: "பிசிறு வந்துகினு கீதா? அப்ப இன்னிக்கு வேல முடிஞ்ச மாதிரிதான்." தெற்கிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருந்த பெண் தொழிலாளர்கள் பிசிறண்ணன் என்றார்கள். அவர்களுக்கு அது கேலி இல்லை.

காரணம் கேன்டீன் தொட்டி. சாப்பிட்ட தட்டைக் கழுவ நீளமான தகரத் தொட்டி வைத்திருந்தார்கள். ஒரு நாள் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, எதிரில் இருந்த மூன்று பெண்களின் மணிக்கட்டுகளைப் பார்த்தார். மூன்றிலும் ஒரே இடத்தில், ஒரே நீளத்தில், ஒரே சாய்வில் கீறல். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. டீ டம்ளரை வைத்துவிட்டு நேராகத் தொட்டிக்குப் போய், குழாய்க்கு அடியில் இருந்த விளிம்பைத் தடவிப் பார்த்து, அரத்தை எடுத்தார். அந்தத் தொட்டி வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. கொள்முதல் கோப்பு என்னிடம்தான் இருந்தது. தினமும் அந்தக் கேன்டீனில்தான் நானும் சாப்பிட்டேன். ஆனால் என் தட்டை வேறொருவர் கழுவினார்.

அவர் சாதுவும் இல்லை. ஒரு முறை அவருடன் வேலை பார்த்த ஃபிட்டர் ஒருவர் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியில் பிசிறை விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தவரின் கையை இவர் பிடித்து, "நீயே பாரு" என்று அந்த விளிம்பில் வைத்து இழுத்துவிட்டார். ரத்தம் வந்தது. நான் பார்த்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் நீளமான கோடு. "படியேற வயசானவங்க இத்தப் புடிப்பாங்க. அப்ப அவங்களுக்கு வந்திருக்கும். இப்ப உனக்கு வந்துச்சி" என்றார். அந்த ஃபிட்டர் மறுநாள் முதல் வரவில்லை. அன்றைக்கு இவரைப் பார்க்கவே எனக்குக் கூசியது. ஆனால் மாலையில் அந்த ஃபிட்டரின் வீடு வரைக்கும் போய், அவரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஊசி போட அழைத்துப் போயிருக்கிறார். அது பிறகுதான் தெரிந்தது.

ஏன் இப்படி என்று அவரிடம் மூன்று பேர் கேட்டு மூன்று பதில் வாங்கியிருக்கிறோம். என்னிடம், தகரம் வெட்டும் பிரஸ் கம்பெனியில் பக்கத்து மிஷின்காரர் ஒருவர் தகரம் கீறிச் செத்துப்போனதாகச் சொன்னார். கேன்டீன் அம்மாவிடம், செத்தது அவருடைய தம்பி என்றார். பெண்களிடம், அது பக்கத்து வீட்டுக்காரர். மூன்றிலும் கீறல் சின்னது. மூன்றிலும் அந்த ஆள் டி.டி. ஊசியை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். மூன்றிலும் தாடை இறுகிப்போய் ஏழாம் நாள் சாகிறார். ஆள் மட்டும்தான் மாறினார்.

சிற்பங்கள் 2010-இல் வந்தன. அந்த வருடம் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விடுகிறவர்கள் அதிகமாகியிருந்தார்கள். ஏன் போகிறார்கள் என்று கண்டுபிடிக்க நகரத்திலிருந்து ஒரு ஆலோசகர் வந்தார். திறந்தவெளியில் கலைப் படைப்புகள் இருந்தால் மனஅழுத்தம் குறையும், தொழிலாளர்களுக்கு இடத்தின் மேல் ஒட்டுதல் உண்டாகும் என்று அறிக்கை கொடுத்தார். தட்டச்சு செய்தது நான்.

அதற்கு முந்தைய வருடம் நான் ஒரு குறிப்பு அனுப்பியிருந்தேன். முதல் ஷிப்டு மூன்றரைக்கு முடிகிறது. பேருந்து நாலு பத்துக்கு. லைனில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்க்கும் பெண்கள் அந்த நாற்பது நிமிடமும் நின்றுகொண்டே இருக்கிறார்கள். நிறுத்தத்தில் ஆறு பெஞ்சு போடலாம். குறிப்பின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார்கள்: உட்கார இடம் இருந்தால் கும்பல் சேரும்.

ஆக, பெஞ்சுக்குப் பதில் சிற்பம். நிறுத்தத்துக்கும் கேன்டீனுக்கும் நடுவில் இருந்த பொட்டலில் பந்தல் போட்டு, எட்டுச் சிற்பிகளைக் கூப்பிட்டு, தொழிற்சாலைக் கழிவு இரும்பிலேயே செய்யச் சொன்னார்கள். பதினைந்து நாள் முகாம். டீ, மின் இணைப்பு, கேஸ் சிலிண்டர், தீயணைப்பான் எல்லாம் என் பொறுப்பு. வெல்டிங் அவர் பொறுப்பு.

சிற்பிகள் அவரை முதலில் ஒரு கருவியாகத்தான் நினைத்தார்கள். மூன்றாம் நாள் முதல், காது கேட்கிற, வாய் பேசுகிற கருவி என்று தெரிந்துகொண்டார்கள். குழாய்ப் பெண்ணைச் செய்த அம்மாள் ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். அவரிடம் நம் ஆள் போய், "மடி பத்தல மா. ஒரு சாண் அகலம் வெச்சா ஒரு ஆளு குந்தலாம்" என்றார்.

"இது சிலைங்க. உட்கார்றதுக்கு இல்ல."

"பொண்ணு குந்திக்கினு கீது. மடியும் கீது. பாத்தா குந்தத்தான் தோணும். அப்புறம் சறுக்கி வுழும்."

அந்த அம்மாள் மடியில் சாண் வைத்துப் பார்த்துவிட்டு, "சரி, அகலப்படுத்துங்க" என்றார். சிலையை நட வேண்டிய இடத்தையும் நம் ஆளே சொன்னார். மூன்று மணிக்கு மேல் கேன்டீன் கட்டடத்தின் நிழல் விழும் பக்கம். "இல்லாட்டி இரும்பு தோசக்கல்லு ஆயிடும்."

தகரப் பாத்தியைச் செய்தவர் இளைஞர், இருபத்தெட்டு வயது. பிரஸ்ஸில் வில்லை வெட்டிய பிறகு மிஞ்சும் பட்டைகளை அப்படியே எடுத்து நட்டார். 'அறுவடை' என்று பெயர் வைத்தார். பட்டைகளின் ஓரம் பிளேடு. நம் ஆள் வழக்கம்போல் அரத்தை எடுத்தார். இளைஞர் தடுத்தார்.

"வேணாம்ணே. கூர்மைதான் இதோட விஷயமே. இந்த இடத்துல நெல்லு வெளைஞ்சுது. இப்ப இதான் வெளையுது. தொட்டா அறுக்கணும்."

"வெளிய வெச்சா தொடுவாங்க சார்."

"பாக்கறதுக்குத்தான் வைக்கிறோம்."

"நீங்க நெல்லுப் பயிருல எறங்கிக் கீறீங்களா?"

"இல்ல."

"அதும் அறுக்கும் சார். கையெல்லாம் அறுக்கும். ஆனா அறுக்கணும்னு நிக்காது."

இளைஞர் சிரித்துவிட்டு, நல்லா சொல்றீங்கண்ணே என்று அந்த வாக்கியத்தைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பட்டைகளை மாற்றவில்லை. இளைஞர் சொன்னதில் தவறு இருந்தது என்று நான் இன்றும் நினைக்கவில்லை. அந்த நிலம் தொழிற்பூங்காவுக்கு எப்படிப் போனது என்பது எனக்குத் தெரியும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தை மூன்றரை மணிக்கு ஷிப்டு முடிந்து வருகிற பெண்களின் விரலில் போய்க் காட்டியிருக்க வேண்டியதில்லை.

திறப்பு விழா நடந்தது. குத்துவிளக்கு, பொன்னாடை, பேச்சு. கலை மனிதரை ஆற்றும் என்றார்கள். தொழிலாளர்கள் அரை மணி நேரம் வரிசையில் வந்து பார்த்தார்கள். புகைப்படக்காரர் போன பிறகுதான் உண்மையான திறப்பு நடந்தது. மறுநாள் மூன்று முப்பத்தைந்துக்கு, சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி, பத்தொன்பது இருபது வயது, துப்பட்டாவை மடித்துக் குழாய்ப் பெண்ணின் மடியில் போட்டு உட்கார்ந்தாள். சுற்றிப் பார்த்தாள். யாரும் விரட்டவில்லை. சாய்ந்தாள்.

"ஏட்டி, எறங்குட்டி. வாச்மேன் பாத்தா வைவாரு," என்றாள் கூட வந்தவள்.

"இவளுக்கு வந்த வாழ்வப் பாரு. நாம எட்டு மணி நேரம் நின்னு சாவுதோம். இவ ஷிப்டே இல்லாம உக்காந்தே கெடக்கா. கொஞ்சம் நமக்கும் எடம் குடுக்கட்டும்."

அந்த வாரத்துக்குள் மீனின் முதுகில் நாலு பேர், பெரிய இரும்புக் கையின் விரல்களுக்கு நடுவில் இரண்டு பேர். பாட்டுக் கேட்டார்கள். ஊருக்குப் போன் பேசினார்கள். பேன் பார்த்தார்கள். என் ஜன்னலிலிருந்து அந்தப் பொட்டல் தெரியும். தினமும் நாலு மணிக்கு எழுந்து நின்று பார்ப்பேன். ஆலோசகர் எழுதியது நடந்துகொண்டிருந்தது. அவர் எழுதிய காரணத்தால் இல்லை. விளிம்புகளை ஒருவர் மழுக்கி வைத்திருந்ததால்.

அறுவடையை மட்டும் மழுக்கவில்லை. ஒரு மாதம் கழித்து அவர் என் அறைக்கு வந்தார்.

"மேடம், ரெண்டு பொண்ணுங்க வெரலு, ஒரு டிரைவர் கை. ஒரே கீறல். அந்தத் தகரந்தான்."

"எழுதிக் கொடுங்க. மேல அனுப்பறேன்."

"எயுதி, அது மேல போயி, கீய வரதுக்குள்ள இன்னும் நாலு பேரு."

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

அவர் என் மேசையின் அடி விளிம்பை ஒரு தடவை, பழக்கத்தில், புறங்கையால் தடவிவிட்டுப் போனார்.

அடுத்தடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வந்திருக்கிறார். ரகசியமாக இல்லை. வாயிற்பதிவேட்டில் பெயர், வந்த நேரம், போன நேரம் எல்லாம் எழுதியிருக்கிறார். 'நோக்கம்' என்ற கட்டத்தில், இடது பக்கம் சாய்ந்த அவருடைய எழுத்தில், மூன்று முறையும்: பிசிறு எடுக்க.

ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் வாயிற்பதிவேட்டைச் சரிபார்த்து, வரிக்கு வரி வலது ஓரத்தில் சுருக்கொப்பம் இடுவது என் வேலை. முதல் வாரம் அந்த வரியைப் படித்தேன். என்ன பிசிறு என்று எனக்குத் தெரியும். ஒப்பமிட்டேன். இரண்டாம் வாரமும். மூன்றாம் வாரமும். டைரியில் எதுவும் எழுதவில்லை. மனதுக்குள் சந்தோஷமாக இருந்தது என்பதை இப்போது எழுதுகிறேன்.

அந்த ஜூலையில் இளைஞர் ஒரு புகைப்படப் புத்தகத்துக்காக வந்தார். பட்டைகள் துருவேறிப் பழுப்பாக நின்றிருந்தன. ஓரங்கள் மட்டும் வெள்ளிக் கோடாக மின்னின. அவர் ஒரு பட்டையை விரலால் தொட்டார். அடுத்ததை. பாத்தியைச் சுற்றி வந்து எல்லாவற்றையும் தொட்டார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. இரண்டு நாளில் நிர்வாகத்துக்கு அவருடைய கடிதம் வந்தது: தன் படைப்பு ஊனமாக்கப்பட்டிருக்கிறது, யார் செய்தது என்று தெரிய வேண்டும், இனி யாரும் தொடாதபடி பாதுகாக்க வேண்டும்.

நிர்வாகம் என்னிடம் அறிக்கை கேட்டது.

நான் எழுதினேன். பெயர், ஒப்பந்த எண், மூன்று ஞாயிறுகள், நேரங்கள், சேதத்தின் விவரம். ஆதாரமாகப் பதிவேட்டுப் பக்கங்களின் நகல் இணைக்க வேண்டும். நகல் இயந்திரத்தில் பதிவேட்டை வைத்தேன். முதல் பிரதியில் வலது ஓரத்தில் என் ஒப்பம் வரிக்கு வரி தெளிவாக விழுந்திருந்தது. அதைக் கிழித்துவிட்டு, பதிவேட்டை ஒரு அங்குலம் வலது பக்கம் தள்ளி வைத்து மறுபடி எடுத்தேன். என் அறிக்கையில் பொய்யான வார்த்தை ஒன்றுகூட இல்லை.

பாஸை ரத்து செய்தார்கள். அது ஒரு அட்டைதான். ஆனால் அது இல்லாமல் எங்கள் பன்னிரண்டு தொழிற்சாலைகளில் எதற்குள்ளும் அவர் நுழைய முடியாது. ஒரகடம் வரைக்கும் உள்ள மற்ற வளாகங்களிலும் முந்தைய இடத்தின் பாஸ் நகலைக் கேட்பார்கள். ரத்து முத்திரை குத்திய நகலை வைத்துக்கொண்டு எங்கே போவது? அட்டையை ஒப்படைக்க அவர் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். அரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னா மேடம் எயுதுனீங்க?"

"நடந்ததை எழுதினேன்."

"ஏன் பண்ணேன்னு எயுதுனீங்களா?"

"படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல."

"பதிவேட்ல இருந்துச்சே. நான் எயுதிக்கினுதான வந்தேன்."

அப்போது என் சுருக்கொப்பத்தைப் பற்றி அவர் கேட்டிருக்கலாம். வலது ஓரம் அவருக்கும் தெரியும். அடுத்த ஞாயிறு கையெழுத்துப் போடும்போது முந்தைய வாரத்துத் தன் வரியில் என் ஒப்பத்தைப் பார்த்துதான் போட்டிருப்பார். என் ஒப்பத்தை அனுமதி என்றே எடுத்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை. எழுந்து, அரத்தைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போனார். அன்று அவர் என் மேசையைத் தடவவில்லை.

வேலி பத்து நாளில் வந்தது. கலைக்கு மரியாதை என்றார்கள். பெஞ்சு வேண்டாம் என்று பென்சிலில் எழுதிய அதே கை வேலிக்குப் பேனாவிலேயே கையெழுத்திட்டது. சிற்பங்கள் மறையக்கூடாது என்று வேலியை நாலடி உயரத்துக்குத்தான் போட்டார்கள். கம்பிவலையை மேலே வெட்டிய முனைகள் வெட்டியபடியே நீட்டிக்கொண்டு நின்றன. 'கலைப் படைப்புகளைத் தொடாதீர்கள்' என்று நீலப் பலகை. பெண்கள் மறுபடி நின்றார்கள். நாலடி உயரம் என்பது, களைத்தவர்களுக்குக் கையை மடித்துச் சாய்த்து வைக்கத் தோன்றும் உயரம்.

அவர் அதை வெளியிலிருந்தே பார்த்திருக்கிறார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை வாயிலிலிருந்து காவலாளி போன் செய்தார். நான் போனேன்.

"மேடம், பாஸ் கேக்க வரல. கை வெக்கிற ஒசரத்துல வேலி போட்டுக்கினு முனைய நீட்டி வுட்டுக்கீறாங்க. ஒரே ஒரு நாள் உள்ள வுடுங்க. கட்டிங் பிளேயர்ல மடிச்சிட்டுப் பூடறேன். கூலி வோணாம்."

"பாஸ் இல்லாம எப்படி விட முடியும்?"

"நீங்க கூடவே நில்லுங்க. நான் வேற எத்தயும் தொடல."

"முடியாதுங்க. ஆள் வச்சு மடிக்கச் சொல்றேன்."

"சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

சொன்னேன். எழுத்தில் சொன்னேன். அடுத்த நிதியாண்டில் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. அதைக் கோப்பில் வைத்தேன்.

வேலியின் முனைகளில் நூலும் துப்பட்டா இழையும் சேர ஆரம்பித்தன. மஞ்சள், பச்சை, ரோஜா நிறம். தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் ஏதோ சிற்பம்போல் இருந்தது. ஐந்தாவது மாதம், வேலியில் கையை மடித்து வைத்துக் குழாய்ப் பெண்ணைப் பார்த்துக்கொண்டு நின்ற சங்கரன்கோவில் பெண், பேருந்து ஹாரன் கேட்டுச் சட்டென்று திரும்பினாள். முன்கையில் ஆறு தையல். விபத்துப் படிவத்தை என் அறையிலேயே உட்கார்ந்து பூர்த்தி செய்தாள். கை கட்டில் இருந்ததால் அவள் சொல்ல நான் எழுதினேன். 'காரணம்' என்று ஒரு கட்டம். இந்தப் படிவத்தில் அது இருந்தது.

"என்னன்னு போடட்டும்?" என்றேன்.

"நீங்களே போடுங்க மேடம். உங்களுக்குத் தெரியாததா?"

தொழிலாளியின் கவனக்குறைவு என்று போட்டேன். முந்தைய படிவங்கள் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருந்தது. அவள் அதைப் படித்துவிட்டு, இடது கையால் கையெழுத்து மாதிரி ஒன்றைப் போட்டாள். "பிசிறண்ணன் இருந்தா இது நடந்திருக்காதுல்லா மேடம்" என்றாள். தையல் பிரித்த வாரம் ஊருக்குப் போய்விட்டாள். சொல்லாமல் கொள்ளாமல் போனவர்கள் பட்டியலில் அவள் பெயரையும் நான்தான் சேர்த்தேன்.

அவள் போன மறுவாரம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், நான் வேலியருகே போனேன். கையைத் திருப்பி, அவர் செய்வதுபோல் புறங்கையால் மேல் விளிம்பைத் தடவிக்கொண்டே நடந்தேன். நாலாவது அடியில் நிறுத்திவிட்டேன். புறங்கையில் இரண்டு அங்குல இடைவெளியில் இரண்டு கீறல்கள். வலைக்கண்ணின் அளவு அதுதான்.

இரண்டு நாள் கழித்து, ஞாயிறு மாலை, குன்றத்தூர் மலைக்கோயிலுக்குப் போனேன். என் வீடு குன்றத்தூரில்தான். அடிவாரத்தில் வண்டி நிறுத்தத்தில் ஸ்கூட்டரை விட்டேன். எண் பொறித்த தகர வில்லைகள் இரண்டு உண்டு; ஒன்றை வண்டியில் மாட்டிவிட்டு ஒன்றை நம்மிடம் கொடுப்பார்கள். வண்டியில் மாட்டிய கையைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் கண்டேன்.

"மேடம். நல்லாக்கீறீங்களா?"

"இருக்கேன். நீங்க எப்ப இங்க?"

"ஆச்சு கொஞ்ச நாளு. இங்க பாஸ் கேக்கறதில்ல." சிரித்தார். பின்பாக்கெட்டில் அரம் இருந்தது.

மேலே ஏற வேண்டிய கூட்டம் பின்னால் ஹாரன் அடித்தது. அவர் அவசரப்படவில்லை.

"வேலி முனைய மடிச்சிட்டாங்களா மேடம்?"

"மடிச்சாச்சு" என்றேன்.

"அது போதும்."

வில்லையை வாங்கக் கையை நீட்டினேன். அவர் கொடுக்க வந்த கை பாதியில் நின்றது. என் புறங்கையைத் தொடவில்லை, அதிலிருந்த இரண்டு கீறல்களையும் பார்த்தார். கேன்டீனில் அந்த மூன்று மணிக்கட்டுகளையும் இப்படித்தான் பார்த்திருப்பார். பிறகு வில்லையை என் கையில் கொடுத்தார். அதன் ஓரம் முழுக்க வழவழவென்றிருந்தது.

"டி.டி. ஊசி போட்டுக்கினீங்களா மேடம்?"

"போட்டாச்சு" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். இதை எழுதும்போது டைரியில் அந்த ஞாயிறின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மாலை 4.50, குன்றத்தூர் அடிவாரம், இரண்டு பொய். அதற்குப் பிறகாவது போயிருந்தால், கீழே மருத்துவமனையின் பெயரும் ஊசி போட்டுக்கொண்ட நேரமும் இருந்திருக்கும். இல்லை.